வாடிய பிள்ளைக்கு வீடே முதல் துணை

நடுநாட்டில், பண்ணுருட்டிக்கு அருகே அமைந்த திருவாமூர் என்னும் ஊரில் புகழனார், மாதினியார் என்னும் இருவர் இல்லறம் நடத்தி வந்தனர். அவர்தம் மக்கள் திலகவதியாரும் மருணீக்கியாரும் ஆவர். இம்மருணீக்கியாரே பின்னாளில் திருநாவுக்கரசர் என உலகம் போற்றும் அப்பர் பெருமான். திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயது ஆனபொழுது, கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு அவரை மணம் முடிக்கப் பெற்றோர் இசைந்தனர். மணநாள் வருமுன் கலிப்பகையார் அரசன் ஆணைப்படி வடபுலத்துப் போருக்குச் சென்றார். அவ்வேளையில் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் உடன் மறைந்தார். அத்துயர் ஆறுமுன் கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்து சேர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இடி வீழ்ந்த அவ்வீட்டில் எஞ்சியோர் இரண்டு பிள்ளைகளே.

அந்நிலையில் திலகவதியார் தம் உயிரையும் விட்டுவிடத் துணிந்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறுகிறார். அவரினும் இளையவரான மருணீக்கியார் அப்போது செய்தது யாது? அவர் தமக்கையாருக்கு அறவுரை கூறவில்லை. 'இது தகாது' என்று கடிந்து கொள்ளவில்லை. அவர்தம் அடிகளில் விழுந்து அழுது, தாயும் தந்தையும் சென்றபின் தமக்கையாரைக் கண்டே தாம் உயிர் தரித்திருப்பதாகவும், அவரும் நீங்கிவிடின் தாம் அவருக்கு முன்னே செல்வதாகவும் உரைத்தார். 'நீ எனக்கு வேண்டும்' என்பதே அச்சொல்லின் உட்பொருள். தம்பியின்பால் கொண்ட அருளினால் திலகவதியார் உயிர் தாங்கினார். அவர் அன்று உயிர் தாங்கியிராவிடின், பின்னாளில் சூலை நோயால் துடித்த தம்பியைத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்வார் யார்? தேவாரம் பாடிய நாவுக்கரசரைத் தமிழகம் பெற்றிருக்குமா?

இவ்வரலாற்றைப் பக்திச் செவியால் பன்முறை கேட்டிருக்கிறோம். இதனுள் ஒரு குடும்பப் பாடமும் பொதிந்துள்ளது. வளரிளம் பருவத்துப் பிள்ளை ஒன்று வாழ்வில் நம்பிக்கை இழந்து வாடும்போது, அதனைத் தாங்கி நிறுத்தும் முதல் தூண் அவ்வீட்டில் உள்ளவர்களே. செல்வம் இல்லாத வீட்டிலும், கல்வி இல்லாத வீட்டிலும் அத்தூண் உண்டு. அதனை எவ்வாறு நாட்டுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துயரமா, நோயா?

பிள்ளைகளுக்கு வருத்தம் வருவது இயல்பு. தேர்வில் மதிப்பெண் குறையலாம், தோழமை முறியலாம், வீட்டில் ஓர் இறப்பு நிகழலாம். அத்தகைய வருத்தம் சில நாளில் மெல்லத் தணியும். இடையிடையே சிரிப்பும் விளையாட்டும் தலைகாட்டும். அங்ஙனமன்றி, இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் மனம் இருண்டே கிடப்பதும், முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இல்லாமற் போவதும் மனச்சோர்வு என்னும் நோயின் அடையாளங்கள் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இவற்றோடு உறக்கம் கெடுதல் அல்லது அளவுமீறி உறங்குதல், உணவு செல்லாமை, ஓயாத களைப்பு, பாடத்தில் மனம் நில்லாமை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம், காரணமற்ற குற்ற உணர்ச்சி, இறப்பைப் பற்றிய பேச்சு ஆகியவையும் சேரக்கூடும்.

வளரிளம் பிள்ளைகளிடம் இந்நோய் வேறு வேடமும் புனைந்து வரும். அழுகைக்கு மாறாக எரிச்சலும் சினமும் முந்தி நிற்கும். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பர்; மருத்துவர் சோதித்தால் உடலில் குறை ஒன்றும் காணப்படாது. பள்ளி செல்ல மறுப்பர். ஆதலின் பெற்றோர் இதனைத் 'திமிர்' என்றும், 'சோம்பல்' என்றும், 'படிக்காமலிருக்கப் போடும் நாடகம்' என்றும் எண்ணிவிடுகின்றனர். நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கிடைப்பதற்கு மாறாக அடி கிடைக்கிறது.

இஃது ஏதோ ஒரு சிலருக்கு நேர்வதன்று. உலகில் பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோரில் ஏழு பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகளுள் 7.3 விழுக்காட்டினருக்கு இத்தகைய குறை காணப்பட்டது. நூறு பிள்ளைகள் பயிலும் பள்ளியில் ஏழு பேர் என்று இதனைக் கொள்ளலாம். அந்த ஏழு பேருள் நம் வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக இருக்கக்கூடும்.

இந்நோய் எவருடைய பாவத்தினாலும் வருவதன்று. தாயின் வளர்ப்புக் குறையால் மட்டும் வருவதுமன்று. பிறவியில் அமைந்த இயல்பு, குடும்பத்தில் முன்னரே இந்நோய் இருத்தல், இழப்பு, வறுமை, வீட்டுச் சண்டை, குடிப்பழக்கம் உள்ள தந்தை, பள்ளியில் பிறர் செய்யும் ஏளனம், தகாத தீண்டல் முதலாய கொடுமைகள் எனப் பல காரணங்கள் ஒன்று கூடி இதனைத் தோற்றுவிக்கின்றன. இரத்தசோகை, தைராய்டு சுரப்பிக் குறை போன்ற உடல் நோய்களும் இதனைப் போன்ற சோர்வை உண்டாக்கும். ஆதலின் முதலில் உடலைச் சோதித்துக் கொள்ளுதல் நன்று.

ஏழை வீட்டின் இடர்ப்பாடு

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை கட்டட வேலைக்கு வெளியூர் சென்றிருக்கிறார். தாய் விடியற்காலையில் கூலிக்குச் சென்று பொழுது சாய்ந்து திரும்புகிறார். பதினைந்து வயதுப் பெண் வீட்டுவேலை செய்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் பள்ளிக்குச் செல்கிறாள். சில மாதங்களாக அவள் பேசுவது குறைந்துவிட்டது. சோறு அப்படியே இருக்கிறது. தலை சீவுவதில் நாட்டம் இல்லை. தாய்க்கு இது தெரியாமலில்லை. ஆனால் ஒரே அறையுள்ள வீட்டில் தனித்துப் பேச இடமில்லை; மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாள் கூலி போய்விடும்; 'பெண்ணுக்கு மனக்கோளாறு' என்ற சொல் தெருவில் பரவினால் நாளை மாப்பிள்ளை வருவானா என்ற அச்சம் வேறு. ஆகவே, 'வயசுக் கோளாறு, தானே சரியாகிவிடும்' என்று தாய் தன்னைத் தேற்றிக் கொள்கிறாள்.

இத்தாயின்மீது குற்றம் காண்பது அறமாகாது. அவளிடம் அன்பு குறைவுபடவில்லை. வழி தெரியாமையே குறை. அவளைப் போன்றோர் செய்யக்கூடியவை எவை என்று பார்ப்போம். அவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பொருட்செலவு இல்லை.

குறுக்கிடாமல் கேட்டல்

வடமொழி யோகவாசிட்டத்திலும், அதன்வழித் தமிழில் வீரை ஆளவந்தார் இயற்றிய ஞானவாசிட்டத்திலும் இராமபிரானின் இளமை நிகழ்ச்சி ஒன்று சொல்லப்படுகிறது. தலயாத்திரை சென்று திரும்பிய இராமன், பதினாறு வயது நிரம்பாத அப்பருவத்தில், உணவிலும் விளையாட்டிலும் விருப்பம் அற்று, உடல் மெலிந்து, கன்னத்தைக் கையில் தாங்கித் தனித்திருந்தான். தசரதன் மகனை மடியில் இருத்தி, என்ன துயரம் என்று வினவினான். 'ஒன்றுமில்லை' என்பதே மறுமொழியாக வந்தது. பின்னர் விசுவாமித்திர முனிவர் அவைக்கு வந்தபோது, அவனை அழைத்து வரச் செய்து, உள்ளத்தில் உள்ளதைச் சொல்லுமாறு கேட்டார். இராமன் நெடுநேரம் பேசினான். அரசரும் முனிவரும் நிறைந்த அவை அவன் சொல்லி முடிக்கும்வரை செவிசாய்த்தது. அதன் பின்னரே வசிட்டர் விடையிறுக்கத் தொடங்கினார். அவ்விடையும் ஒருநாளில் முடிந்ததன்று. பல நாள் தொடர்ந்தது.

அந்நூல் இராமனின் நிலையை மெய்யறிவிற்கு முன்னோடியான துறவுள்ளமாகக் கொள்கிறது. நம் வீட்டுப் பிள்ளையின் வாட்டம் வேறு வகையினதாக இருக்கலாம். எனினும் பெரியோர் நடந்துகொண்ட முறையில் மூன்று படிப்பினைகள் உள்ளன. முதலாவது, 'ஒன்றுமில்லை' என்ற விடையோடு முயற்சியைக் கைவிடலாகாது. இரண்டாவது, பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதைப் பிள்ளை வேறொரு நம்பிக்கைக்குரியவரிடம் சொல்லும். தாய்மாமன், அத்தை, பாட்டி, ஆசிரியர் ஆகியோருள் அத்தகையவர் யாரெனக் கண்டறிய வேண்டும். மூன்றாவது, கேட்டு முடிக்கும்முன் அறிவுரை கூறலாகாது.

இடம் இல்லாத வீட்டிலும் கேட்பதற்கு வழி உண்டு. கிணற்றடிக்கோ, கடைக்கோ, கோயிலுக்கோ உடன் அழைத்துச் செல்லும் வழிநடையில் பிள்ளைகள் மனம் திறப்பர். முகத்துக்கு முகம் நோக்காமல் நடக்கும்போது பேச்சு எளிதாக வரும். 'சில நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை. என்னவோ உன்னை வருத்துகிறது. சொல்ல வேண்டும்போது சொல், நான் கேட்கிறேன்' என்ற அளவே போதும். 'எங்கள் காலத்தில் நாங்கள் படாத பாடா?', 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்', 'உனக்கு என்ன குறை வைத்தோம்?' என்பவை அன்பினால் எழும் சொற்களே ஆயினும், வாடிய பிள்ளையின் செவியில் அவை குற்றச்சாட்டாகவே விழும்.

நாளை ஒழுங்கு செய்தல்

திலகவதியார் உயிர் தாங்கியபின் என்ன செய்தார்? பின்னாளில் திருவதிகையில் தங்கி, புலருமுன் எழுந்து திருக்கோயிலை அலகிட்டார், சாணநீரால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவதும், கைக்கு ஒரு சிறு பணி இருப்பதும் தளர்ந்த மனத்திற்கு ஊன்றுகோல் ஆகும். மனச்சோர்வுற்றோர்க்குச் சிறிய செயல்களைப் படிப்படியாக மீண்டும் தொடங்கச் செய்வதை இக்கால மருத்துவமும் ஒரு சிகிச்சை முறையாகக் கொண்டுள்ளது.

எனினும் பளுவை ஒரே நாளில் ஏற்றலாகாது. எழுந்து முகம் கழுவுதல், தாயோடு பத்து நிமிடம் நடத்தல், செடிக்கு நீர் ஊற்றுதல் என ஒன்றைத் தொடங்கி, அது பழகியபின் மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். செய்ததைப் பாராட்ட வேண்டும்; செய்யாததைச் சுட்டிக் காட்ட வேண்டுவதில்லை. இரவில் உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் மாறாதிருத்தல் நலம். கைப்பேசியைப் பிடுங்கி எறிவது பகையை வளர்க்கும். இரவில் வீட்டார் அனைவருடைய கைப்பேசியும் ஓரிடத்தில் வைக்கப்படும் என்னும் பொது ஒழுங்கு பயன் தரும். வீட்டுவேலையின் பெரும்பங்கு பெண்பிள்ளையின் தோளில் இருக்குமாயின், அதில் ஒரு பகுதியை ஆண்பிள்ளையும் ஏற்றல் வேண்டும்.

ஆசிரியரிடம் நிலைமையைத் தெரிவிப்பதும் கடமையே. பிள்ளையின் நிலை தெரிந்த ஆசிரியர் வகுப்பில் கடிந்துகொள்ளாமல் காப்பார். பன்னிரண்டாம் வகுப்பில் தோல்வி ஏற்படினும் உடனடித் துணைத்தேர்வு எழுதி அவ்வாண்டே கல்லூரி சேரும் வாய்ப்பு உள்ளது என்பதைத் தேர்வு முடிவு வருமுன்பே வீட்டில் பேசி வைக்க வேண்டும். முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடலாகாது.

உயிர் காக்கும் விழிப்பு

'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி', 'இனி என்னைத் தேட வேண்டாம்' என்பன போன்ற சொற்களை விளையாட்டாகக் கொள்ளலாகாது. விரும்பிய பொருள்களை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுதல், நெடுநாள் வாட்டத்திற்குப்பின் திடீரென அமைதி கொள்ளுதல் ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. இத்தகைய வேளையில், 'உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?' என்று அன்போடு நேராகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. உள்ளே அடைத்து வைத்த சுமையை இறக்கி வைக்கவே அது வழி செய்யும் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

அவ்வெண்ணம் உண்டெனின் மூன்றைச் செய்தல் வேண்டும். பிள்ளையைத் தனியே விடாமல் ஒருவர் உடனிருக்க வேண்டும். பூச்சிமருந்து, எலி மருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டைவிட்டு அகற்றவோ, பூட்டித் திறவுகோலைத் தம்மிடம் வைத்துக் கொள்ளவோ வேண்டும். உழவர் வீடுகளில் இஃது இன்றியமையாதது. உயிரை விடும் உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கும். அந்நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் நஞ்சு இல்லாமையே ஓர் உயிரைக் காத்துவிடும். மூன்றாவதாக, அன்றே மருத்துவ உதவியை நாட வேண்டும். முயற்சி ஏதேனும் நிகழ்ந்துவிடின், 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். காவல்துறைக்கு அஞ்சி மறைத்தல் வேண்டா. அங்ஙனம் முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டித்தலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

கட்டணமில்லாத உதவிகள்

மனநல மருத்துவம் செல்வர்க்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. ஆலோசனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின்வழி வட்டார மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவக் குழுவினர் சென்று வருகின்றனர். அவர்கள் வரும் நாளை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். கிராமச் செவிலியரிடம் ஒரு சொல் சொன்னாலும் அவர் வழிகாட்டுவார். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் அரசு நிலையங்களில் கட்டணமின்றி மனநலச் சிகிச்சை பெறுவதை மேற்சொன்ன சட்டம் உரிமையாகவே வழங்கியுள்ளது.

செல்ல இயலாதவர்க்குத் தொலைபேசி உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நடுவணரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. பகலும் இரவும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 என்னும் எண்ணிலும் மன ஆலோசனை கிடைக்கும். பிள்ளைக்குப் பிறரால் கொடுமை நேர்ந்திருப்பின் 1098 என்னும் எண்ணை அழைக்கலாம். அழைப்பவர் பெற்றோராகவும் இருக்கலாம்; பிள்ளையே தானாகவும் அழைக்கலாம்.

மருத்துவர் முதலில் பேச்சுவழிச் சிகிச்சையையே மேற்கொள்வதும் உண்டு. தேவையாயின் மாத்திரை தருவார். அம்மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். 'ஒரு வாரம் கொடுத்தோம், குணமில்லை' என்று நிறுத்திவிடுதலும், சற்றுத் தெளிந்தவுடன் மருத்துவரைக் கேளாமல் கைவிடுதலும் தவறு. தொடக்க வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனித்து, மாறுதல் எதுவாயினும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மாத்திரைகள் தாயின் கையிலேயே இருத்தல் நன்று.

வேண்டுதலும் மருந்தும்

பிள்ளை வாடும்போது குலதெய்வத்திடம் ஓடுவது தமிழர் மரபு. அதில் குற்றமில்லை. திருநீறு பூசுவதும், விளக்கேற்றுவதும், நேர்ந்துகொள்வதும் தாயின் தவிப்புக்கு ஆறுதல் தருவன. 'உனக்காக நாங்கள் நிற்கிறோம்' என்று பிள்ளைக்கும் உணர்த்துவன. ஆனால் வேண்டுதலை மருந்துக்கு மாற்றாகக் கொள்வது இறைவனுக்கும் உடன்பாடன்று. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்தார். நான்காவது கூறே குடும்பம். அக்கூறு நிறைவாக இருந்தாலும், மற்றவை இல்லாவிடின் மருத்துவம் முற்றுப்பெறாது.

திருக்கோயிற் சூழல் நோயுற்ற மனத்திற்குத் துணை செய்வதை ஆய்வாளரும் கண்டுள்ளனர். வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த முப்பத்தொரு மனநோயாளரை ஆராய்ந்து, நிமான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இரகுராம் முதலிய மருத்துவர்கள் 2002ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சில வாரங்கள் தங்கிய அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அச்சுறுத்தல் அற்ற, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். அங்கே குடும்பத்தினர் ஒருவர் நோயாளியோடு உடன் தங்கியிருந்தனர். அவர்கள் கடுமையான மனநோய் கொண்ட பெரியவர்கள். ஆகவே அதனை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்தலாகாது. எனினும் ஆதரவான இடமும் உடனிருப்பவரும் தரும் வலிமை அதனால் விளங்கும். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி திருக்கோயிலில் மனநோயுற்றோரை நாற்பத்தெட்டு நாள் தங்கவைத்து வழிபடுவது வழக்கம். அக்கோயிலைச் சார்ந்த மறுவாழ்வு இல்லத்தில் வழிபாட்டோடு மனநல மருத்துவமும் சேர்ந்தே நடைபெற்று வந்துள்ளது.

ஆனால் பேயோட்டல் என்ற பெயரில் அடித்தல், புகையிடல், பட்டினி போடுதல், சங்கிலியால் பிணித்தல் ஆகியவை பக்தி ஆகா. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த இருபத்தெட்டுப் பேர் தப்பியோட வழியின்றி மாண்டனர். அத்துயரம் எந்த மதத்திற்கும் உரியதன்று. நம் அனைவருக்கும் உரிய எச்சரிக்கை. மனநோயுற்றவரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று இன்றைய சட்டம் தடுக்கிறது. செய்வினை, கண்ணேறு என்று கூறிப் பெரும்பணம் கேட்போரிடம் கொடுக்கும் தொகை, பிள்ளையின் பாலுக்கும் பழத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் பயன்படட்டும்.

தாங்குவோரைத் தாங்குதல்

நோயுற்ற பிள்ளையைக் காக்கும் தாயும் தளர்வாள். அவளுக்கும் உறக்கமும் உணவும் வேண்டும். இப்பணியை ஒருவரே சுமத்தல் இயலாது. தந்தை வெளியூரில் இருப்பினும் நாள்தோறும் ஒரு முறை தொலைபேசியில் பிள்ளையோடு பேசலாம். மதிப்பெண்ணைப் பற்றியன்றி, அன்று என்ன உண்டாய் என்று கேட்பதே போதும். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அண்டை வீட்டார் இளைய பிள்ளையைப் பார்த்துக் கொள்ளலாம். அக்கம் பக்கத்தார் செய்யும் பேருதவி மற்றொன்று உண்டு: ஊர்ப்பேச்சில் கலந்து கொள்ளாமை. தெருவில் எழும் ஏளனத்திற்கு அஞ்சியே பல தாய்மார் மருத்துவமனை வாயிலை மிதிப்பதில்லை. அந்த அச்சத்தை நீக்குவது ஊராரின் கையில் உள்ளது.

ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே என்னும் நாடு உள்ளது. அங்கே மனநல மருத்துவர் மிகச் சிலரே. 2006ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவர் திக்சன் சிபாண்டா, தலைநகர் அராரேயில் பதினான்கு பாட்டிமாருக்கு எளிய பயிற்சி அளித்து, சுகாதார நிலையத்தின் அருகே மர நிழலில் இட்ட பலகையில் அமர்ந்து துயருற்றோர் சொல்வதைக் கேட்கச் செய்தார். அவ்வூர் மொழியில் மனச்சோர்வுக்கு 'அளவுக்கு மீறி எண்ணுதல்' என்று பொருள்படும் சொல் வழங்குகிறது. அந்தச் சொல்லைக் கொண்டே பாட்டிமார் பேசினர். அம்முறை நற்பயன் தந்ததைப் பின்னர் வந்த ஆய்வு உறுதி செய்தது. பல இடங்களுக்கு அது பரவியது. கற்ற மருத்துவர் குறைந்த இடத்தில் பயிற்சி பெற்ற பாட்டியின் செவி மருந்தாயிற்று. நம் ஊர்த் திண்ணையிலும் திருக்கோயில் மண்டபத்திலும் அமர்ந்திருக்கும் பாட்டிமாருக்கு அத்தகைய செவி இல்லாமலில்லை. கேட்பதைக் காத்து வைக்கும் நாவடக்கம் ஒன்றே உடன் வேண்டும். கேட்டபின், 'வா, மருத்துவரிடம் நானும் உடன் வருகிறேன்' என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

நிறைவுரை

சூலை நோயால் வருந்திய மருணீக்கியார், தாம் வேறு நெறி சென்றதை எண்ணித் தயங்கியவாறே, இருளில் தமக்கையாரின் திருமடத்தை அடைந்து அவர் அடிகளில் விழுந்தார். 'அன்று ஏன் சென்றாய்?' என்று திலகவதியார் கேட்டதாகப் பெரியபுராணம் கூறவில்லை. கைதொழுது எழுந்திருக்கச் செய்தார், திருநீறு அளித்தார், திருவலகும் தோண்டியும் ஏந்தித் தாம் நாள்தோறும் செல்லும் அவ்விடியற்காலையிலேயே தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு திருக்கோயிலுக்குச் சென்றார். ஒருகாலத்தில் தம்பி தமக்கையைத் தாங்கினார். பின்னொரு காலத்தில் தமக்கை தம்பியைத் தாங்கினார். குடும்பம் என்பதன் பொருள் அதுவே.

இன்று திருக்கோயிலை வலம் வரும் அன்பர்கள், இல்லம் திரும்பியதும் தம் வீட்டிலுள்ள வளரிளம் பிள்ளையின் முகத்தை ஒருகணம் நின்று நோக்குவார்களாக. அம்முகம் இரண்டு வாரமாக வாடியிருப்பின், பிரசாதத்தை அதன் கையில் கொடுத்து, அருகில் அமர்ந்து, அது பேசும்வரை பொறுத்திருப்பார்களாக. பேசியபின் 14416 என்னும் எண்ணையோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ தயங்காமல் நாடுவார்களாக. ஓர் இளம் உயிரைத் தாங்கி நிறுத்துவதினும் மேலான திருப்பணி வேறில்லை.

திருச்சிற்றம்பலம்.